பிணித்த அம்பி: நெய்தற் பாடல்களில் படகு பேணும் உழைப்பும் மயிலாடுதுறைக் கடற்கரையும்

ஆய்வுச் சுருக்கம்

நெய்தல் திணைக்குரிய தொழில்களை வரையறுக்கும் இலக்கண மரபு மீன்பிடித்தலையும் உப்பு விளைத்தலையும் அவற்றை விற்றலையும் சுட்டுகிறது. படகையும் வலையையும் பேணும் உழைப்பு அவ்வரையறையில் இடம்பெறவில்லை. ஆனால் பாடல்கள் அவ்வுழைப்பைப் பதிவு செய்துள்ளன. பட்டினப்பாலை, அம்மூவனாரின் மூன்று பாடல்கள், நெய்தல் நிலப் புதினங்கள் சில ஆகியவற்றை இக்கட்டுரை மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையின் தொழில் நடைமுறைகளோடு இணைத்து வாசிக்கிறது. நற்றிணை 315-ஆம் பாடலில் வரும் முதிர்ந்த அம்பி கைவிடப்பட்ட பொருள் அன்று, பேணப்படும் பொருள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நெய்தல், கருப்பொருள், அம்மூவனார், பட்டினப்பாலை, படகுப் பராமரிப்பு, மயிலாடுதுறை.

பட்டியலில் விடுபட்ட தொழில்

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களுள் ஒன்றாகச் 'செய்தி'யைக் கூறுகிறது. செய்தி என்பது அந்தந்த நிலத்து மக்களின் தொழில். எந்நிலத்துக்கு எத்தொழில் என்பதை விரித்துரைக்கும் வேலையை உரையாசிரியர்களும் பிற்கால அகப்பொருள் நூல்களும் செய்தன. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் மருதத்துக்கும் நெய்தலுக்கும் தரும் தொழிற்பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். மருதத்தின் தொழில்களுள் வயலில் களை கட்டல் உண்டு. நெல்லரிதலும் கடாவிடுதலும் விளைச்சலை எடுக்கும் தொழில்கள். களை கட்டல் அத்தகையது அன்று. விளையும் நிலத்தை விளையும் நிலையில் வைத்திருக்கும் தொழில் அது. நெய்தலின் பட்டியலில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல், விற்றல், மீன் உணக்கல், அதைக் கவர வரும் பறவைகளை ஓட்டுதல் ஆகியவை உள்ளன. மீனை உலர்த்துவது தொழிலாகக் கருதப்பட்டிருக்கிறது. வலையை உலர்த்துவது அவ்வாறு கருதப்படவில்லை. களை கட்டலுக்கு ஈடாக நெய்தலில் வைக்கத்தக்க படகு செப்பனிடல் அங்கு இல்லை.

இதனை நூலாசிரியரின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பட்டியல் முழுமையானது என்று எந்த இலக்கணியும் உறுதி கூறவில்லை. ஆயினும் பட்டியல்கள் பின்வரும் வாசிப்புகளைத் தீர்மானிக்கின்றன. நெய்தல் குறித்த இன்றைய ஆய்வேடுகளில் 'மீனவர் தொழில்' என்னும் இயல் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது. கடலுக்குச் செல்வதும் திரும்புவதும் தொழிலாகவும், இரண்டுக்கும் இடைப்பட்ட கரைநேரம் ஓய்வாகவும் கொள்ளப்படுகின்றன. உரிப்பொருளாகிய இரங்கல் இந்தப் பார்வைக்கு வலுச் சேர்க்கிறது. காத்திருக்கும் பெண், வராத தலைவன், இருளும் மாலை என்னும் சட்டகத்துக்குள் கரையில் இருக்கும் படகும் வலையும் பின்னணிப் பொருள்களாக ஒதுங்கிவிடுகின்றன.

மயிலாடுதுறையை முன்வைத்து இச்சிக்கலை அணுகுவதற்குக் காரணம் உண்டு. 2020 டிசம்பர் 28 அன்று தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமாகச் செயற்பாட்டுக்கு வந்த இம்மாவட்டம் காவிரிப் படுகையின் நெல்வயல்களையும், கொள்ளிட முகத்துப் பழையாறு தொடங்கித் திருமுல்லைவாசல், பூம்புகார், வானகிரி, தரங்கம்பாடி வழியாகச் சந்திரபாடி வரை நீளும் மீனவர் ஊர்களையும் ஒருங்கே கொண்டது. மருதமும் நெய்தலும் சில கல் தொலைவில் ஒன்றையொன்று தொடும் நிலம் இது. இந்நிலத்தின் பழம்பெரும் பாட்டாகிய பட்டினப்பாலையில், ஓய்வு நாளின் வருணனைக்குள்ளேயே வலை பேணும் வேலை இடம்பெறுகிறது.

மணல் முன்றிலில் உலரும் வலை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைக் கூறும் பகுதியில் பரதவர் குடியிருப்பு வருகிறது. வீடுகளின் மணல் முன்றிலில் வலைகள் உலர்கின்றன. வெண்மணலின் மேல் கிடக்கும் கரிய வலைகள் நிலவொளியின் நடுவே தங்கிய இருளை ஒத்திருக்கின்றன என்பது உவமை. இவ்வுவமையின் நிறப்பொருத்தம் திறனாய்வாளர் பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. பாராட்டு அவ்வளவில் நின்றுவிடுவதுதான் குறை. வலை ஏன் அங்கே கிடக்கிறது என்ற வினா எழுவதில்லை.

இப்பகுதியின் தொடர்ச்சியைக் கவனிக்க வேண்டும். பரதவர் அன்று கடல் வேட்டைக்குச் செல்லவில்லை. அது உவாநாள், முழுநிலா நாள். அவர்கள் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை நிறுத்தி வழிபட்டு, தாழை மலர் சூடி, பனங்கள் அருந்தி, மகளிரோடு உண்டு களிக்கின்றனர். வலையின் மேல் வந்த நிலா உவமை வெறும் அணியன்று என்பது இங்கு தெளிவாகிறது. முழுநிலா நாளைப் பாடும் பகுதிக்கு முழுநிலாவிலிருந்தே உவமை எடுக்கப்பட்டிருக்கிறது. நிலவொளி மிகுந்த இரவுகளில் மீனுக்கு வலை தெரிந்துவிடும், பாடு குறையும் என்பது மீனவர்களின் பட்டறிவு. ஆகவே அந்நாள்கள் வலைக்கும் ஓய்வு நாள்கள். தாவர நாரால் ஆன வலையை ஈரத்தோடு குவித்து வைத்தால் அது புழுங்கி இற்றுவிடும். விரித்து உலர்த்தியே ஆகவேண்டும். உருத்திரங்கண்ணனார் விழாவை முன்னிறுத்தியதோடு விழாவுக்கு அடியில் கிடக்கும் வேலையையும் காட்டிவிட்டார். மனிதர் ஆடுகின்றனர், முற்றத்தில் வலை தன் அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிறது.

இதே பாட்டில் படகுகளும் வருகின்றன. உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த படகுகள் கழிக்கரைத் தறிகளில் பிணிக்கப்பட்டிருப்பது, கொட்டிலில் நிற்கும் குதிரைகளைக் கட்டிவைத்திருப்பது போன்றிருக்கிறது. இந்த உவமைக்குப் பெரும்பாலும் தோற்ற ஒப்புமையே காரணமாகக் கூறப்படும். ஆனால் கொட்டில் என்பது குதிரை நிற்கும் இடம் மட்டும் அன்று. அது குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனியிட்டு, புண்ணுக்கு மருந்திடும் இடமும் ஆகும். கட்டுத்தறியில் நிற்கும் விலங்குக்கு ஆள் வேண்டும். அந்த உவமையை ஏற்ற படகுக்கும் ஆள் வேண்டும் என்பது சொல்லாமலே பெறப்படும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கல்லாலான படகுத்துறைக் கட்டுமானமும் படகு கட்டுவதற்கான மரக்குற்றிகளும் வெளிப்பட்டன. கடல்கொண்ட நகரின் மாளிகைகளைத் தேடியவர்களுக்குக் கிடைத்தவற்றுள் படகு கட்டும் தறியும் ஒன்று என்பது கருதத்தக்கது.

படகை விலங்காகக் காணும் இப்பார்வை ஒரு பாட்டோடு முடிந்துவிடவில்லை.

அம்மூவனாரின் கரை

அம்மூவனார் நெய்தற் கவி. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியாகிய நூறு பாடல்களும் அவருடையவை. அவர் பாடும் தொண்டி சேரர் துறை, காவிரிமுகம் அன்று. ஆயினும் கரைத்தொழிலை அவரளவு உன்னிப்பாகக் கவனித்த சங்கப் புலவர் வேறொருவரைக் காட்டுவது கடினம். அவருடைய மூன்று பாடல்கள் ஒரே பொருளின் மூன்று நிலைகளாக அமைந்திருப்பது இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

நற்றிணை 4-ஆம் பாடலில் பரதவர் புன்னையின் நிழலில் தங்கியிருக்கின்றனர். கடற்பரப்பின் நல்ல பதத்தை நோக்கியபடி, பின்னிச் சிக்கிய வலைகளை உலர்த்துகின்றனர். பாடலின் மையச் செய்தி வேறு. ஊரலர் தாய்க்குத் தெரிந்தால் தலைவி இற்செறிக்கப்படுவாள். இதைத் துறைவனிடம் கூறினால் அவன் அவளைக் கொண்டுசெல்வானோ என்று தோழி எண்ணுகிறாள். பரதவரும் காத்திருக்கின்றனர், தலைவனும் காலம் கடத்துகிறான். இரண்டு காத்திருப்புகளும் ஒன்றல்ல. பரதவர் காத்திருக்கும் பொழுதில் கருவி சீராகிறது. பதம் வாய்க்கும்போது அவர்கள் புறப்பட்டுவிடுவர். தலைவனின் காலக்கழிவில் எதுவும் சீராகவில்லை, அலர்தான் வளர்கிறது. தலைவன் அந்த நிலத்துக்கு உரியவன் என்பதைச் சுட்டும் அடைமொழியாக மட்டும் வலையுணக்கலை வாசித்தால் இந்த வேறுபாடு தவறிப்போகும். அவனுடைய துறையே அவனுக்கு மறுப்பாக நிற்கிறது.

அகநானூறு 10-ஆம் பாடலில் பரதவரைக் குறிக்கும் ஒரு தொடர் பழைய திமிலையும் புதிய வலையையும் இணைக்கிறது. பழைய திமிலுக்கு அவர் பயன்படுத்தும் வினை 'கொல்' என்பதாகும். அழித்தல் என்ற பொதுப்பொருளும் அவ்வினைக்கு உண்டு. எனினும் உயிருள்ளவற்றுக்கே மிகுதியாக வழங்கும் ஒரு வினை மரக்கலத்துக்கு வந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் கடக்க இயலாது. பயன்முடிந்த திமிலை உடைப்பது அங்கு ஓர் உயிரின் முடிவாகக் காட்டப்படுகிறது. அதற்குப் பின் அவர்கள் மணற்கரையில் பெருமீனை அறுத்துப் பாக்கத்தில் பகிர்ந்துகொள்கின்றனர். பழையது போகிறது, புதியது வருகிறது, கிடைத்தது பகிரப்படுகிறது. தொழிலின் முழுச்சுற்றும் சில சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது பாடலில் படகு கொல்லப்படுவதும் இல்லை, கடலுக்குச் செல்வதும் இல்லை.

நற்றிணை 315: இரு வாசிப்புகள்

பல ஆண்டுகள் கழிந்தன. துறையில் மோதும் அலைகளால் புடைப்புண்டு, மூத்து, விளிம்பு முறிந்து, தொழிலுக்கு உதவாத நிலையை ஓர் அம்பி அடைந்துவிட்டது. நடை தளர்ந்த நல்லெருதை உழவர் தொழிலிலிருந்து விடுவித்துப் புல்லுள்ள சோலையில் விடுவதைப்போல, பரதவர் அவ்வம்பியை ஞாழலோடு சேர்ந்து நிற்கும் புன்னையின் நிழலில், முழவு போன்ற அடிமரத்தில் கட்டிவைக்கின்றனர். முன்பு அதற்குக் காட்டிய நறும்புகையை இப்போது காட்டுவதில்லை. அத்தகைய துறைக்கு உரியவனை நோக்கி ஒரு பெண்குரல் பேசுகிறது. பெரிதாக மேற்கொண்ட உறவை எளிதாக வழுவவிடுவது தவறென்பதை நீ அறியாயாயின், உன்னை விரும்பியவர் எம்மைப்போலத் தோள் நெகிழ்ந்து, கண் கலுழ்ந்து, கருகிய மலர்போல் ஆவர் என்பது அக்குரலின் கூற்று.

இப்பாடலை உள்ளுறையாகப் பார்ப்பவர் எளிதில் எட்டக்கூடிய முடிவு ஒன்றுண்டு. அம்பி என்பது துய்த்துக் கைவிடப்பட்ட பெண். புகை நிறுத்தப்பட்டது அன்பு நிறுத்தப்பட்டதற்கு ஒப்பு. கட்டப்பட்டிருப்பது அவள் வேறு போக்கிடமின்றி இருப்பதற்கு ஒப்பு. இவ்வாசிப்பு பாடலின் துயரத்தோடு இயைகிறது என்பதை மறுக்க இயலாது. புகை காட்டாமை என்னும் செய்தியை அது நன்றாகவே விளக்குகிறது.

ஆனால் உழவர் உவமையை அது விளக்குவதில்லை. அம்பி கைவிடப்பட்டது என்று மட்டும் சொல்லவேண்டுமாயின் அலைவாய்க் கரையில் மணல் மூடிக் கிடக்கும் மரக்கலம் போதும். புலவர் எருதைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவர் தேர்ந்தெடுத்த எருதும் கைவிடப்பட்ட எருதன்று. உழவர் அதனைப் புல் இல்லாத இடத்தில் விடவில்லை, விற்கவில்லை, கொல்லவில்லை. தொழிலிலிருந்து நீக்கியிருக்கின்றனர், உணவிலிருந்து நீக்கவில்லை. படுகை உழவர் குடும்பங்களில் வயதான உழவுமாட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வதும் விற்றுவிடுவதும் குடும்பத்தின் பண்பை அளக்கும் செயல்களாகப் பேசப்படுவதை அறிந்தவர்க்கு இவ்வுவமையின் எடை விளங்கும். உவமையின் பொதுத்தன்மையை அம்பிக்கு ஏற்றினால், புன்னை நிழல் என்பது எருதின் புற்காவுக்கு இணையாகிறது. வெயிலில் கிடக்கும் மரம் வெடிக்கும். நிழல் மரத்துக்குக் காப்பு. கட்டுவது அலை இழுத்துச் செல்லாதிருப்பதற்கு. இனிப் பயன்படாத ஒன்றுக்கு இவை செய்யப்படுகின்றன என்பதில்தான் பாடலின் உயிர் இருக்கிறது.

புகையை என்ன செய்வது? அதனைப் படகின் அடிமரத்துப் புழுவைக் கொல்ல இடும் புகையாகக் கொண்டு, பராமரிப்பு நின்றுவிட்டது என்று பொருள்கொள்ளச் சிலர் முயலலாம். நறுமணத்தைச் சுட்டும் அடைகள் அதற்கு இடம் தரவில்லை. அது வழிபாட்டுப் புகையே. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் புறப்படும் படகுக்கு மாலை சூட்டிக் கற்பூரம் காட்டும் இன்றைய வழக்கத்தின் பழைய வடிவம் என்று அதனைக் கொள்வது பொருந்தும். வழிபாடு கடலுக்குச் செல்லும் படகுக்கு உரியது, ஆபத்தை எதிர்நோக்கும் பயணத்துக்கு உரியது. பயணம் இல்லாதபோது அது இயல்பாகவே நின்றுவிடும். ஆகவே பாடலில் இரண்டு செயல்கள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. சிறப்புச் செய்தல் நின்றுவிட்டது, பேணுதல் நிற்கவில்லை.

இவ்வாறு வாசித்தால் பிற்பகுதியின் குற்றச்சாட்டு கூர்மையடைகிறது. அவனுடைய துறையில் உள்ள எளிய பரதவர், உயிரற்றதும் பயன் முடிந்ததுமான ஒரு மரக்கலத்தையே நிழலில் கட்டிவைக்கின்றனர். அவனோ உயிருள்ள, தன்னை நயந்த பெண்ணை எளிதாக வழுவவிடுகிறான். அம்பி பெண்ணுக்கு உவமையாவதைவிட, பரதவர் தலைவனுக்கு எதிர்நிலையாவதே பாடலுக்கு வலிமை தருகிறது. முதல் வாசிப்பில் பெண் பரிவுக்குரியவளாக மட்டுமே நிற்கிறாள். இரண்டாம் வாசிப்பில் அவள் வழக்குரைப்பவள். அவன் துறையிலிருந்தே சான்று காட்டி வழக்குரைப்பவள். கேண்மை பெரிதாக மேற்கொள்ளப்பட்டது என்று அவள் நினைவூட்டுவதும் இதனோடு பொருந்துகிறது. மேற்கொண்டதைத் தொடர்ந்து பேணுவதே அவள் கோருவது. அவள் கோரிக்கையில் புகையின் சாயல் இல்லை.

கட்டுமரம் என்னும் பெயர்

இலக்கியத்தின் இந்தக் கவனிப்பைப் புரிந்துகொள்ளத் தொழிலின் நடைமுறை துணைசெய்யும். கட்டுமரம் என்னும் சொல் உலக மொழிகள் பலவற்றுக்குச் சென்றது என்பது பெருமையோடு அடிக்கடி கூறப்படுவது. அப்பெயரின் முதற்பாதி குறித்துப் பேச்சு குறைவு. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட பொருள் அன்று. எடைகுறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்து கடலுக்குச் செல்வர். திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். உலர்த்தாவிட்டால் மரம் நீரைக் குடித்து எடைகூடும், மிதப்பு குறையும். மறுநாள் மீண்டும் கட்டவேண்டும். பெயரில் உள்ள கட்டு நாள்தோறும் நிகழும் வினை. ஒரு மிதவையின் பெயரிலேயே அதன் பராமரிப்பு குடியேறியிருப்பதற்கு இது அரிய சான்று.

பலகைப் படகாகிய வல்லத்தின் தேவைகள் வேறு. பலகை இணைப்புகளில் நீர் கசியாதிருக்கப் பஞ்சும் பிசினும் கொண்டு அடைப்பர். இதற்குக் கலப்பற்று என்று பெயர். தமிழ்க் கரை வெளியாருடன் கொண்ட கப்பல் தொடர்பின் தடயம் அச்சொல்லில் இருக்கிறது. மரத்தைப் புழு அரிக்காமலிருக்க மீனெண்ணெய் பூசும் வழக்கமும், பருத்தி வலைக்குப் பனிச்சங்காய் போன்றவற்றின் துவர்ச்சாற்றை ஏற்றி வலுவூட்டும் வழக்கமும் இருந்தன. நைலான் வலை வந்தபின் துவரேற்றல் மறைந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மறுவாழ்வு உதவியாகப் பெருமளவில் பைபர் படகுகள் வழங்கப்பட்டன. கட்டுமரம் இக்கரையில் அருகியது. பைபர் படகை அவிழ்க்கவோ உலர்த்தவோ வேண்டியதில்லை. விரிசல் கண்ட இடத்தைத் தேய்த்து, இழைத்துணியும் பிசினும் வைத்து ஒட்டவேண்டும். உப்புநீர் பட்ட இயந்திரத்தை நன்னீரால் கழுவவேண்டும். உழைப்பு நீங்கவில்லை, உருமாறியது. சொற்கள்தாம் கைமாறவில்லை. கட்டுமரத்தோடு வாழ்ந்த சொற்களுள் பல அதனோடு போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுக்கும் பணி மயிலாடுதுறைக் கரையில் இன்னும் முறையாக நிகழவேண்டியுள்ளது.

தொழில்நூல் மரபும் இவ்வகையில் முழுத்துணை செய்வதில்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக 1950-இல் அச்சேறிய கப்பல் சாத்திரம், மரக்கலத்தின் அளவுகளையும் அவ்வளவுகளால் விளையும் நன்மை தீமைகளையும் மையமாகக் கொண்டது. கலத்தின் பிறப்பே அதன் அக்கறை. ஒரு கலம் எப்படி மூக்கும் என்ற வினாவுக்கு நற்றிணையே நெருங்கிய நூலாக இருப்பது வியப்புக்குரியது.

புதினங்கள் கண்டதும் காணாததும்

படுகையின் உரைநடை இலக்கியம் கடலை நோக்கி அரிதாகவே திரும்பியிருக்கிறது. மயிலாடுதுறையில் பிறந்த சா. கந்தசாமியின் சாயாவனம் (1969) கரும்பாலைக்காக ஒரு வனம் அழிக்கப்படுவதைச் சொல்கிறது. நிலத்தைச் சீர்செய்தல் என்னும் பெயரில் நிகழும் அழிவை இத்தனை நிதானமாகப் பார்த்த புதினம் தமிழில் வேறில்லை. அதன் பார்வை மண்ணோடு நிற்கிறது. மயிலாடுதுறைக்கு அண்மையில் பிறந்த கல்கி பொன்னியின் செல்வனில் பூங்குழலியைப் படைத்தார். தமிழ் வாசகர் நினைவில் மிக ஆழமாகப் பதிந்த படகுப்பெண் அவள்தான். ஆனால் அவளுடைய படகு கதையை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுசெல்லும் ஊர்தி; அவளுடைய தனிமையின் குறியீடு. அதற்குக் கசிவும் செப்பனிடலும் கதையின் பொருளாவதில்லை. வரலாற்றுச் சாகசக் கதையிடம் அதனை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

நெய்தல் நிலத்தை மையமாகக் கொண்ட புதினங்கள் தெற்கிலிருந்து வந்தன. வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977), ராஜம் கிருஷ்ணனின் அலைவாய்க் கரையில் (1978), ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு (2004) ஆகியவை இவ்வரிசையில் முதன்மையானவை. மலையாளத்திலிருந்து சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் வந்த தகழியின் செம்மீனும் தமிழ் வாசகரின் நெய்தற் கற்பனையை வடிவமைத்தது. செம்மீனில் படகு என்பது கடன். பரீக்குட்டியின் பணத்தில் செம்பன்குஞ்ஞு வாங்கும் படகும் வலையும் கதையின் அறச்சிக்கலைத் தொடங்கிவைக்கின்றன. கடல்புரத்தில் புதினத்தில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையிலான பகை படகை ஒரு வாழ்முறையின் கொடியாக்குகிறது. குரூஸ் மிக்கேலுக்குத் தன் வல்லத்தின் மேலுள்ள பற்று உடைமைப்பற்றைத் தாண்டியது என்பதை வண்ணநிலவன் மிகக் குறைந்த சொற்களில் உணர்த்திவிடுகிறார். இவ்வரிசையில் அம்மூவனாரின் முதிர்ந்த அம்பிக்கு மிக அண்மையில் நிற்பது அந்த வல்லமே. ஆழி சூழ் உலகு தொழிற்சொல் வளத்தில் இவை அனைத்தையும் விஞ்சுகிறது. ஆயினும் கடலில் உயிருக்குப் போராடும் மனிதர்களைக் கொண்டு கட்டப்பட்ட அதன் அமைப்பு வாசகரின் நெஞ்சைக் கடலுக்குள்ளேயே நிறுத்துகிறது. அங்கும் கரைநேரம் இரண்டு கடல்நேரங்களுக்கு இடையே வந்துபோகிறது.

இதனைக் குறையென்று சொல்வதைவிட வடிவத்தின் நிர்ப்பந்தம் என்பது பொருந்தும். புதினத்துக்கு நிகழ்ச்சி வேண்டும். பராமரிப்பு என்பது நிகழ்ச்சி நேராமல் தடுக்கும் உழைப்பு. கசிவு சரியான நேரத்தில் அடைக்கப்பட்டால் கதை இல்லை. கருப்பொருளாக ஒரு தொடரில் இவ்வுழைப்பை வைத்துவிட்டுச் செல்லும் வாய்ப்பு சங்கப் பாடலுக்கு இருந்தது. பாடலின் முதன்மைச் செய்தி வேறாக இருந்ததே அதற்கு உதவியது. பெண்கள், முதியவர், கடலுக்குச் செல்ல இயலாதவர் ஆகியோரின் உழைப்பும் பெரும்பாலும் இக்கரைநேரத்தில்தான் குவிகிறது என்பதால், விடுபடுவது ஒரு தொழில் மட்டும் அன்று.

இரு மராமத்துகள்

படுகையில் பேணுதலுக்குப் பெயரும் வரலாறும் உண்டு. வாய்க்கால் தூர்வாரலும் குடிமராமத்தும் ஆவணங்களில் இடம்பெற்ற சொற்கள். சோழர்காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. அதற்கு முன் கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாரி முடிக்கவேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட இந்த இடைவெளியே படகுகளின் பெரும்பழுது பார்க்கும் பருவமும் ஆகிவிட்டது. பழையாறு போன்ற துறைகளில் படகுகள் கரையேற்றப்படுகின்றன. அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகள் சுரண்டப்படுகின்றன, உளுத்த பலகைகள் மாற்றப்படுகின்றன, வண்ணம் பூசப்படுகிறது, இயந்திரங்கள் பிரித்துக் கழுவப்படுகின்றன, வலைகள் சீர்செய்யப்படுகின்றன. மீன் வரவு இல்லாத நாள்களில் செலவு மட்டும் நிகழும் பருவம் இது. தடைக்கால நிவாரணத் தொகை குறித்த கோரிக்கைகள் ஆண்டுதோறும் எழுவதன் பின்னணியில் இச்செலவும் இருக்கிறது.

ஒரே மாவட்டத்தில், ஏறத்தாழ ஒரே வாரங்களில், மேற்கே வாய்க்காலும் கிழக்கே படகும் பேணப்படுகின்றன. இரண்டும் ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் நீரை எதிர்நோக்கி முடிவடைகின்றன. முதலாவதைக் குறித்த எழுத்து ஏராளம். இரண்டாவது ஆண்டுதோறும் சில செய்தித்தாள் பத்திகளோடு நின்றுவிடுகிறது. பூம்புகாரில் 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் காப்பியத்தைக் கல்லில் நிறுத்தியிருக்கிறது. மரக்கலம் செலுத்திய நகரின் நினைவு அங்கு போற்றப்படுகிறது. மரக்கலத்தைச் சுரண்டிக் கழுவிய கைகளின் நினைவுக்கு அவ்வூரின் மணல்தான் இடமாக இருக்கிறது.

நற்றிணை 315-க்கு உரை எழுதுவோரும் அதனை வகுப்பறையில் நடத்துவோரும் எருதின் உவமையை மருதம் நெய்தலில் மயங்கியது என்ற குறிப்போடு கடந்துவிடலாம். அக்குறிப்பு தவறன்று. ஆனால் அங்கு மயங்குவது நிலத்தின் பொருள் மட்டும் அன்று, பேணும் முறையும் ஆகும். பரதவர் தம் அம்பியை நடத்தும் முறையைச் சொல்வதற்குப் புலவர் உழவரிடம் செல்கிறார்; உழவர்க்கு அது முன்பே தெரிந்த செயலாக இருக்கிறது. இன்று தரங்கம்பாடியிலோ வானகிரியிலோ பயன் முடிந்த பைபர் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. பழங்கட்டுமரத்தைப்போல அது விறகாவதில்லை, மக்குவதும் இல்லை. அதன் நிழலில் உள்ள மணலில் அமர்ந்து, வேறொரு படகுக்குரிய நைலான் வலையின் கிழிசலை முதியவர் ஒருவர் முடிந்துகொண்டிருப்பது அக்கரையில் எந்நாளும் காணத்தக்க காட்சி.